டிக்கெட்டில் மொழி எழுதியிருக்கிறதா?

எங்கள் ஊர் ஸ்ரீமதுரை. பெயரைச் சொன்னதும் "மீனாட்சியம்மன் கோயிலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்காதீர்கள், அது வேற மதுரை. இது நீலகிரியில், கூடலூர் பக்கம், முதுமலைக் காட்டை ஒட்டிக் கிடக்கிற ஊர். யானை வரும், நெட்வொர்க் வராது :-)

எங்கள் ஊருக்கு ஓடுகிற ஜீப்பில் பாட்டுப் பெட்டி கட்டாயம் உண்டு. கூடலூரில் ஏறும்போது யேசுதாஸ் மலையாளத்தில் பாடிக்கொண்டிருப்பார். பாதி வழியில் ராஜ்குமார் கன்னடத்தில் வருவார். இறங்கும்போது இளையராஜா. மூன்று மாநிலம் முட்டிக்கொள்ளும் இடம் அல்லவா, டிரைவருக்கு வேறு வழியில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் வீட்டில் தமிழ் பேசுபவர், மலையாளம் பேசுபவர், செட்டி மொழி பேசுபவர், பணியர் மொழி பேசுபவர் எல்லாரும் இருப்பார்கள். இந்தப் பாட்டு எனக்குப் புரியவில்லை, காசைத் திருப்பிக் கொடு என்று யாரும் டிரைவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் லண்டனில் கேட்டார்கள்.

2017 ஜூலை 8. வெம்ப்ளி அரங்கம். ஏ.ஆர்.ரஹ்மானின் நிகழ்ச்சி. 'ரோஜா' வந்து 25 வருஷம் ஆனதைக் கொண்டாடும் கச்சேரி. தலைப்பே 'நேற்று, இன்று, நாளை'. தமிழ்ப் பாட்டு அதிகமாகிவிட்டது என்று இந்தி ரசிகர்களில் ஒரு பகுதியினர் நடுவிலேயே எழுந்து போய்விட்டார்கள். போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ட்விட்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். உண்மையில் இந்திப் பாட்டுதான் கூடுதல் என்று எண்ணிச் சொன்னவர்களும் உண்டு. எந்தப் பக்கம் கூடுதல் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. சுத்தமாகத் தமிழிலேயே பாடியிருந்தாலும் என் கருத்து இதுதான்: டிக்கெட் வாங்கியவனுக்கு நாற்காலி சொந்தம், பாடுகிறவனின் நாக்கு சொந்தமில்லை.

வெளிநாட்டுப் பாப் பாடகர் உலகம் சுற்றும்போது இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வருவதில்லை. ஒரு ஆல்பம் போடுவார், அதே பாட்டுகளோடு டோக்கியோவும் போவார், பாரிசும் போவார், எல்லா ஊரிலும் ஆங்கிலம்தான். நமக்குத் தனியாகப் பாப் பாடகர் என்று பெரிதாக யாரும் இல்லை. சினிமா இசையமைப்பாளர்தான் நமக்குப் பாப் பாடகர். அவர் மேடை ஏறினால் முப்பது வருஷத்துச் சினிமாவும் கூடவே ஏறும், அதில் மூன்று நான்கு மொழி இருக்கும். ரஹ்மானையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ரோஜா' வந்த அதே 1992-இல்தான் மலையாளத்தில் 'யோதா' வந்தது. அவர் அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். இந்தி ரசிகர் 'தில் சே' என்று உருகுகிற படம் நமக்கு 'உயிரே'. ரயில் கூரை மேல் ஷாருக்கான் ஆடுகிறாரே, அந்த ரயில் எது? எங்கள் நீலகிரி மலை ரயில்தான்! வடநாட்டுக் கல்யாணத்தில் எல்லாம் ஆடுகிற அந்தப் பாட்டு, நம்ம மலையில் எடுத்தது. இதில் எது அவர்களுடையது, எது நம்முடையது என்று கத்தரித்துப் பிரிக்க யாரால் முடியும்?

2009-இல் ஆஸ்கர் மேடையில் அவர் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

சரி, நாம் மட்டும் யோக்கியமா? இங்கேதான் என் சொந்தக் கதை வருகிறது.

போன வருஷம் கோயம்புத்தூரில் ஒரு கச்சேரிக்குப் போனேன். யாருடையது, யார் நடத்தியது என்பதெல்லாம் வேண்டாம். டிசம்பர் லீவில் பக்கத்துத் தோட்டத்தில் காப்பி பறித்த கூலியைச் சேர்த்து வைத்து வாங்கிய டிக்கெட். கூட என் ஊர் நண்பன். அவன் வீட்டில் மலையாளம், பள்ளிக்கூடத்தில் என்னோடு தமிழ் மீடியம். என்னைவிட நன்றாகக் கட்டுரை எழுதுவான்.

ஏழெட்டுப் பாட்டு முடிந்ததும் ஒரு பாடகி மலையாளப் பாட்டு ஒன்றை ஆரம்பித்தார். எங்கள் ஜீப்பில் ஆயிரம் தடவை கேட்ட பாட்டு. நண்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது, கூடவே பாட வாயைத் திறந்தான். பின்னால் இருந்து ஒரு கும்பல், "தமிழ்! தமிழ்! தமிழ்ல பாடு!" என்று கத்த ஆரம்பித்தது. இரண்டே நிமிஷத்தில் சுற்றிலும் பாதிப் பேர் கத்தினார்கள். பாடகி சிரித்துக்கொண்டே சரணத்தை விட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை... திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வெம்ப்ளியில் எழுந்து போனவர்களை 2017-இல் திமிர் பிடித்தவர்கள் என்று திட்டியவர்கள்தான் நாம். கத்தின அந்தக் கும்பலிலும் அப்படித் திட்டியவர்கள் நாலு பேராவது இருந்திருப்பார்கள்.

எப்போதும் கூட்டம் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் எட் ஷீரன் மும்பையில் தில்ஜித்தோடு சேர்ந்து பஞ்சாபியில் பாடினார். 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் அவர் நிகழ்ச்சி. ஆங்கிலப் பாட்டுக் கேட்கக் காசு கொடுத்து வந்த கூட்டம். திடீரென்று ரஹ்மான் மேடை ஏறினார், அவர் பாட்டும் 'ஊர்வசி'யும் பின்னிக்கொண்டன. கூட்டம் என்ன ஆனது என்று வீடியோவில் பாருங்கள். அடுத்த சில நாளில் பெங்களூரில் ஷில்பா ராவோடு தெலுங்கில் பாடினார். கன்னட ஊரில், ஆங்கிலேயர், தெலுங்குப் பாட்டு! எங்கள் ஜீப் டிரைவருக்கு அண்ணன் மாதிரி இருக்கிறார் மனுஷன் :-)

(பெங்களூர் எங்களுக்குச் சென்னையைவிடப் பாதித் தூரம்கூட இல்லை. போகலாமே என்று நண்பன் கேட்டான். பந்திப்பூர்க் காட்டு வழியை ராத்திரி 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். ஒருசில அரசு பஸ், அவசர வண்டி தவிர எதுவும் போகாது. பாட்டு முடிந்து கிளம்பினால் செக்போஸ்ட்டில் கொசுக்கடிதான். யானைக்கு அது நல்லது, அதனால் புகார் இல்லை.)

இப்போது அடுத்த மேட்டருக்கு வருகிறேன். இது எனக்கு இன்னும் முக்கியம்.

அதே ரஹ்மான், 'மறக்குமா நெஞ்சம்'. 2023 ஆகஸ்ட் 12-இல் நடக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10-இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலையே தாண்ட முடியவில்லை. குழந்தைகள் கூட்டத்தில் பிரிந்து போனார்கள். பெண்கள் தங்களுக்கு நெரிசலில் நேர்ந்ததை எழுதினார்கள், படிக்கவே முடியவில்லை. முதலமைச்சரின் வாகனமே நெரிசலில் மாட்டிக்கொண்டது. அனுமதி கேட்ட எண்ணிக்கையைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள் என்றது காவல்துறை. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். உள்ளே பாட்டில் கவனமாக இருந்தேன், வெளியே நடந்தது தெரியவில்லை என்றார் ரஹ்மான். எல்லாரும் விழித்துக்கொள்ள நானே பலிஆடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னார். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பச் சொன்னார். அது பெரிய மனுஷத்தனம், மறுக்கவில்லை.

ஆனால் நம்ம ஆளுங்க என்ன செய்தார்கள்? "ரஹ்மானைக் குறை சொல்லாதே" என்று ஒரு படையே கிளம்பியது. அவரைக் குறை சொல்ல வேண்டாம், சரி. அதற்காக வாசலில் நசுங்கின பெண் வாய் திறந்தாலே அவர் மேல் பாய வேண்டுமா? 2017-இல் நியாயமில்லாத புகாருக்கு நாடே திரண்டு பதில் சொன்னோம். 2023-இல் நியாயமான புகாரைப் பாதிப் பேர் மூடப் பார்த்தோம். மொழி என்றால் கோபம் வருகிறது, நாற்காலி என்றால் வருவதில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெம்ப்ளி ஒரு அரங்கம். பன்னிரண்டாயிரம் சொச்சம் பேருக்கு இடம். உட்கார வருகிறவனுக்கு வரிசை உண்டு, நம்பர் உண்டு, நாற்காலி தரையோடு முடுக்கியிருக்கும். இல்லாத நாற்காலியை விற்க முடியாது. நம் ஊர்க் கச்சேரி பெரும்பாலும் காலி மைதானத்தில். பிளாஸ்டிக் நாற்காலி, நடுவே கயிறு. அதற்கு சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று பெயர். கயிற்றை நாலடி தள்ளிக் கட்டினால் கோல்டு சில்வராகிவிடும். எத்தனை டிக்கெட் விற்றது என்று வாங்கியவனுக்குத் தெரியவே தெரியாது. கோயம்புத்தூரில் எனக்குக் கிடைத்தது ஒரு ஒலிபெருக்கிக் கம்பத்தின் முதுகு. மூன்று மணி நேரம் கம்பத்தைத்தான் பார்த்தேன், திரையில் பாதித் திரை. வெளியே வந்ததும் நண்பனிடம் "செமயா இருந்துச்சுடா" என்று வாய் கூசாமல் சொன்னேன். காசு கொடுத்தாயிற்று, நன்றாக இல்லை என்று சொன்னால் நமக்கே கேவலம் இல்லையா? இந்த வெட்கத்தை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

பெரிய நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் சொல்லவில்லை. 2010-இல் ரஹ்மானின் 'ஜெய் ஹோ' உலகச் சுற்றுப்பயணத்தில், அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் பான்டியாக் அரங்கத்தில் மேடைக்கு மேலே இருந்த விளக்குச் சட்டம் சரிந்து விழுந்தது. நல்லவேளை, நிகழ்ச்சி தொடங்கவில்லை. தேதிகளைத் தள்ளி வைத்தார்கள். பாட்டு மட்டும் இல்லை, இரும்பும் கயிறும் மின்சாரமும் சேர்ந்துதான் சுற்றுப்பயணம். யாராவது ஒருத்தர் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

அனிருத் விஷயத்தில் எண்ணிப் பார்த்தார்கள் போல. 2025 ஜூலை 26-இல் திருவிடந்தையில் நடக்கவிருந்த 'ஹுக்கும்' கச்சேரியை, டிக்கெட் கேட்பவர்கள் அதிகம், இடம் போதாது என்று தள்ளி வைத்தார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பும் என்றார்கள். ஆகஸ்ட் 23-இல் கூவத்தூர் பக்கம் பெரிய இடத்தில் நடத்தினார்கள். அப்போதும் சிலர் தள்ளிப்போட்டதற்குக் கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்தவர்கள் 2023 செப்டம்பரில் வாசலில் நின்றவர்களாக இருக்க முடியாது.

அதனால் நான் கேட்பதெல்லாம் சின்ன விஷயம்தான். டிக்கெட்டில் எந்த வாசல், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இருக்கட்டும். மொத்தம் எத்தனை டிக்கெட் என்பதை விற்பதற்கு முன்னாலேயே வெளியே சொல்லட்டும். என்ன மொழியில் பாடுவார் என்பதை மட்டும் எழுத வேண்டாம். அதைப் பாடுகிறவரிடம் விட்டுவிடலாம்.

போன வாரம் ஜீப்பில் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். வண்டியில் மலையாளப் பாட்டு. கோயம்புத்தூரில் பாதியில் நின்றதே, அதே பாட்டு.

"அடுத்த தடவையும் அங்க மலையாளம் பாடினா கத்துவாங்கடா" என்றான்.

"கத்தினா நான் திரும்பிச் சொல்றேன்டா" என்றேன்.

"முதல்ல கம்பத்துக்கு முன்னாடி சீட்டு வாங்கு" என்று சொல்லிவிட்டு, சரணம் வந்ததும் பாட ஆரம்பித்தான். முன் சீட்டில் இருந்த பாட்டியும் கூடச் சேர்ந்துகொண்டார்.