கோல்டு முத்திரையும் கரண்ட் பில்லும்

‘80 பிளஸ் கோல்டு பவர் சப்ளை வாங்கினால், கரண்ட் பில்லில் மிச்சமாவதிலேயே கூடுதல் விலை திரும்பிவிடும்’ என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேம் ஓடும்போது கம்ப்யூட்டருக்கு 300 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 85 சதவீதத் திறனுள்ள பிரான்ஸ் (வெண்கல) முத்திரை வகை சுவரிலிருந்து 353 வாட் இழுக்கும். 90 சதவீத கோல்டு 333 வாட். தினமும் 4 மணி நேரம் ஆடினாலும் ஆண்டுக்கு மிச்சம் 29 யூனிட்தான். மாதம் ஒரு டீக்காசு! வீட்டு இணைப்புக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம் வேறு.

சரி, மிச்சம் போகட்டும், பாதுகாப்பு? பக்கத்திலேயே குந்தா மின்நிலையம் இருந்தாலும், மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் சாய்ந்தால் மலை ஊரான பிக்கட்டியும் இருட்டில்தான். கரண்ட் போய் வரும் அந்த நொடியில் முத்திரை காப்பாற்றாது. அது அளப்பது திறனையும் பவர் ஃபேக்டரையும்தான். மிகை மின்னழுத்தப் பாதுகாப்பை அல்ல. ‘கோல்டில் பாகங்கள் நன்றாக இருக்குமே’ என்றால், பெரும்பாலும் உண்மை. ஆனால் அதற்குச் சாட்சி ஒட்டுத்தாள் அல்ல, வாரண்டி ஆண்டுகள். ‘மலைக்குளிரில் எதுவும் தாங்கும்’ என்பதும் பாதிதான் சரி: சூடு குறைவு, மூடுபனியின் ஈரம் அதிகம். கோல்டே வாங்குங்கள், தப்பில்லை. 1000 வாட்டுக்கு ஆசைப்படாமல் 650-இல் நிறுத்தி, மிச்சப் பணத்தில் எர்த்தைச் சரிபார்த்து, சைன் அலை யுபிஎஸ் ஒன்றையும் வாங்கி வையுங்கள்.