தொகையும் தொடரும்

அமெரிக்க நாட்டுச் சித்திரக்கதை உலகில் இரு பெரும் பதிப்பகங்கள் நெடுங்காலமாகப் போட்டியிட்டு வருகின்றன. ஒன்று, 1938-இல் சூப்பர்மேனையும் 1939-இல் பேட்மேனையும் ஈன்ற டி.சி.; மற்றொன்று, 1962-இல் ஸ்பைடர்மேனை அளித்த மார்வெல். இவ்விரண்டும் தாளினின்று வெண்திரைக்கு ஏறிய வழிகள் வேறு வேறு. அவற்றுள் எது சிறந்தது என்னும் வினா இளைஞரிடையே ஓயாது எழுகின்றது.

செய்யுளைத் தனித்து நிற்கும் முத்தகம், பல பாக்கள் கூடிய தொகைநிலை, கதை பற்றிச் செல்லும் தொடர்நிலை முதலியனவாகப் பகுப்பர் அணிநூலார். டி.சி.யின் படங்கள் பெரும்பாலும் தொகைநிலை. மார்வெலின் படங்கள் தொடர்நிலை.

டி.சி. நெடுநாளாக வார்னர் நிறுவனத்தின் நிழலில் வாழ்வது. ஆதலின், வீரனை இயக்குநர் கையில் ஒப்புவித்து, அவரவர் மனப்போக்கின்படி படைக்க விட்டது. 1989-இல் டிம் பர்ட்டன் காட்டிய பேட்மேன் வேறு. 2005 முதல் 2012 வரை கிறிஸ்டபர் நோலன் காட்டிய பேட்மேன் வேறு. ஜோக்கர் என்னும் ஒரே பகைவனாக நடித்து, 2008-ஆம் ஆண்டுப் படத்திற்காக ஹீத் லெட்ஜரும், 2019-ஆம் ஆண்டுப் படத்திற்காக வாக்கின் ஃபீனிக்ஸும் ஆஸ்கார் பரிசு பெற்றனர். உரிமையின் பயன் இஃதன்றோ?

மார்வெலுக்கு வழிகாட்டியது வறுமை. 1996-இல் அது கடனிறுக்கவியலாது நொடித்தது. எக்ஸ்-மென், ஸ்பைடர்மேன் ஆகியோரின் படவுரிமை பிறர் கைப்பட்டது. 2005-இல், எஞ்சிய கதைமாந்தர் பலரின் படவுரிமையை ஈடுகாட்டி, 52.5 கோடி டாலர் வரை கடன்பெற வழிசெய்துகொண்டு, தானே படமெடுக்கத் துணிந்தது. 2008-இல் அயர்ன் மேன் வெளிவந்தது. ஐந்து படங்களால் வீரரை ஒவ்வொருவராக அறிமுகம் செய்த பின்னரே, 2012-இல் அவெஞ்சர்ஸ் என ஒருங்கு கூட்டியது. 2019-இல் வந்த எண்ட்கேம் 270 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

நிற்க. இவ்வெற்றியைக் கண்ட டி.சி. தன் இயல்பை மறந்தது. ஃப்ளாஷ், அக்வாமேன், சைபார்க் ஆகிய மூவர்க்கும் அவ்வரிசையில் தனிப்படம் வருமுன்னரே, 2017-இல் ஜஸ்டிஸ் லீகில் அனைவரையும் கூட்டியது. விதையாத நிலத்தில் அறுவடை நாடினால் விளைவது யாது? மார்வெலும் பிழைத்திலது. 2021 முதல் தொலைக்காட்சித் தொடர்களையும் கதையோடு பிணைத்தது. 2023-இல் வந்த தி மார்வெல்ஸ், அவ்வரிசைப் படங்கள் யாவற்றினும் குறைந்த வருவாயே பெற்றது. முன்கதை பல கற்றே காணவேண்டிய படம் களிப்பன்று, கடமை.

எனவே, தொகையோ தொடரோ என்பதன்று வினா. நூல் எத்துணை வலிதாயினும், பூ வாடியதாயின் மாலை மணக்குமோ? ஒவ்வொரு படமும் முதற்கண் முத்தகமாகத் தனித்து நின்று பொருள் தருதல் வேண்டும். ஒரு மாலைப்பொழுதையும் உழைத்த காசையும் ஈந்து அரங்கினுள் அமர்வோன், அடுத்த படத்தின் விளம்பரத்தைக் காண வந்தவனல்லன். முழுமையான ஒரு கதையைக் காண வந்தவன். 2022-இல் ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் ஆகியோர் தலைமையேற்ற பின், 2025-இல் புதிய சூப்பர்மேன் படத்தால் டி.சி. மீண்டுமொரு தொடரைத் தொடங்கியுள்ளது. அவ்வுரிமையை அவனுக்கு அளிக்கும் நிறுவனமே இப்போட்டியில் வெல்லும் என்பது எம் துணிபு.