தலைப்பெழுத்தும் தனி முத்திரையும்



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைக் கடந்து கிருஷ்ணகிரியை எட்டுமுன் வருவது பர்கூர். ஜவுளிக்குப் பெயர்பெற்ற ஊர். திருமணத் துணி எடுக்கச் சுற்று வட்டாரத்து மக்கள் குடும்பத்தோடு இங்கே வந்து, கைநிறையப் பைகளோடு திரும்புவர். அப்பைகளின்மேல் கடையின் பெயரோடு, இரண்டு மூன்று எழுத்துகளைப் பின்னி அமைத்த சின்னமும் காணப்படுவதுண்டு. இதனையே நம் இளைஞர் 'லோகோ' என்பர். இன்று கடை வைத்திருப்போர் மட்டுமல்லர், தையல் தைப்போரும், புகைப்படம் எடுப்போரும், கல்லூரியில் பயில்வோரும்கூடத் தம் பெயரின் எழுத்துகளைக் கொண்டு தமக்கென ஒரு சின்னம் வேண்டும் என விழைகின்றனர். இது வெறும் பகட்டுதானா? இதில் சிந்திக்கத்தக்க பொருள் ஏதும் உண்டா? இத்திங்கள் இதனைச் சற்றே ஆராய்வோம்.

எழுத்தைக் கொண்டு உடைமையைக் குறிப்பது நமக்குப் புதிதன்று. திருமணச் சீராக வந்த எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தந்த எழுத்துகள் புள்ளிபுள்ளியாய்த் தெரியும். பத்து வீட்டுத் துணிகளை ஒன்றாய் வெளுத்த சலவைத் தொழிலாளர், சேங்கொட்டைச் சாற்றால் துணியின் மூலையில் இட்ட குறி எத்தனை வெளுப்பிலும் அழியாது. எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்பதை அக்குறியே சொல்லும். இவை யாவும் 'இது இன்னாருடையது' என்று மட்டுமே கூறும் அடையாளங்கள். ஆயினும் ஓர் எழுத்து இதனினும் மிகுதியாகப் பேச வல்லது. அதற்குச் சான்று நம் மண்ணிலேயே உண்டு.

பர்கூரும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் நாடு, 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைக்கு மாறும்வரை மைசூர் ஆட்சியின்கீழ் இருந்தது. மைசூரை ஆண்ட ஹைதர் அலி வெளியிட்ட பொன் வராகன்களில் ஒரு புறம் சிவனும் பார்வதியும் அமர்ந்திருப்பர். அது முன்னிருந்த நாயக்க மன்னரின் காசு முறை. மறுபுறத்தில் ஒரே ஓர் எழுத்து இருக்கும். 'ஹைதர்' என்னும் பெயரின் முதலெழுத்தாகிய 'ஹே' என்னும் பாரசீக எழுத்தே அது. நீண்ட பட்டமில்லை, புகழுரையில்லை. வளைந்த ஒற்றை எழுத்தே ஓர் அரசின் முத்திரையாயிற்று.

1782-இல் ஹைதர் மறைந்தார். மகன் திப்பு அரியணை ஏறினார். அவர் தம் பெயரின் எழுத்தைப் பொறித்துக்கொள்ளத் தடையேது? ஆயினும் அவர் வெளியிட்ட பொற்காசுகளிலும் தந்தையின் 'ஹே' தொடர்ந்தது. ஆட்சி மகனுடையது, முத்திரையோ தந்தையினது.

இதைக் கேட்டு வியக்கும் தமிழர், தம் பெயரைத் தாமே எழுதிப் பார்ப்பாராக. நம் பெயருக்குமுன் நாம் இடும் தலைப்பெழுத்து யாருடையது? அது நம்முடையதன்று, தந்தையின் பெயரிலிருந்து வந்தது. சிலர் அதற்கும்முன் ஊரின் எழுத்தையும் இட்டனர். ஓசூரில் பெருந்தொழிற்சாலை கொண்ட டி.வி.எஸ். என்னும் பெயரை அறியாதார் இல்லை. 1980-இல் அங்கிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50 வண்டி, பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர்வரை எத்தனையோ குடும்பங்களைச் சுமந்தது. அம்மூன்று எழுத்துகள் அந்நிறுவனங்களின் தந்தையாகிய சுந்தரம் ஐயங்காருடைய பெயரின் எழுத்துகளே. அவற்றுள் முதலாவது, நெல்லைச் சீமையிலுள்ள திருக்குறுங்குடி என்னும் ஊரைக் குறிக்கும். அவருடைய சொந்தப் பெயரின் எழுத்து வரிசையில் கடைசியாகவே நிற்கிறது. ஊருக்கும் முன்னோருக்கும் இடமளித்துவிட்டுத் தாம் பின்னே நிற்பது நம் தலைப்பெழுத்து முறையின் பண்பு.

ஆகவே, தலைப்பெழுத்தைக் கொண்டு சின்னம் வரைபவர், அறிந்தோ அறியாமலோ, தாம் யாருக்குக் கடன்பட்டவர் என்பதையும் வரைகின்றார். இங்கேதான் சிலருக்கு இடர் நேர்கிறது.

வீட்டிலேயே இரவிக்கை தைத்து விற்கத் தொடங்கிய இளம்பெண் ஒருத்தி நம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். "என் பெயருக்குமுன் நிற்பது, நான் முகமே அறியாத தந்தையின் எழுத்து. என்னை வளர்த்தவர் தாய் ஒருவரே. நான் தைக்கும் துணியில் எவர் எழுத்தை இடுவது, சாமி?" என்றாள். எளிதில் தள்ளிவிடத்தக்க வினாவன்று இது.

சான்றிதழில் உள்ள தலைப்பெழுத்து வேறு, கைத்தொழிலின் சின்னம் வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்தினோம். முன்னதை மாற்ற அரசிதழ் அறிவிப்பு முதலிய நடைமுறைகள் உண்டு. பின்னது அவரவர் உரிமை. தாயின் எழுத்தை அவள் தாராளமாக இடலாம். ஆனால் ஒன்றைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்றோம்: தாய்க்கு நன்றியாக அதை இடுகின்றாளா, தந்தைக்குத் தண்டனையாக இடுகின்றாளா? அத்தந்தை என்றேனும் ஒருநாள் வந்து அந்த எழுத்தைக் காண நேர்ந்தால், 'இது என்னை வளர்த்தவரின் எழுத்து' என்று அமைதியாகச் சொல்ல இயலுமாயின், அதுவே தக்க முத்திரை. கசப்பைச் சின்னமாக்கினால் தைக்கும் ஒவ்வொரு துணியிலும் அக்கசப்பையே தைத்துக்கொண்டிருக்க நேரும்.

பிறர் பெயரின் எழுத்தைத் தன் முத்திரையாக்கும் மரபு திருச்சபையிலும் உண்டு. நம் பீடங்களிலும் அப்பங்களிலும் காணும் ஐ.எச்.எஸ். என்னும் எழுத்துகள், கிரேக்க மொழியில் இயேசுவின் திருப்பெயருக்குரிய முதல் மூன்று எழுத்துகள். சியன்னா நகரப் புனித பெர்நர்தீன் (1380–1444) அவற்றைக் கதிரவனின் கதிர்களுக்கு நடுவே பலகையில் எழுதி ஊர்தோறும் காட்டிப் பறைசாற்றினார். பின்னர் இயேசு சபையினர் அதனையே தம் சின்னமாக்கிக்கொண்டனர். 1978-இல் திருத்தந்தையான இரண்டாம் யோவான் பவுல், தம் கேடயச் சின்னத்தில் சிலுவையும் அதன் அடியில் 'எம்' என்னும் ஒற்றை எழுத்தும் அமையச் செய்தார். அது அவருடைய பெயரின் எழுத்தன்று. சிலுவையடியில் நின்ற அன்னை மரியாவின் எழுத்து.

இனி, வரையும் முறைக்கு வருவோம். இதற்கு ஓவியப் பயிற்சி கட்டாயமன்று, பொறுமை வேண்டும்.

முதலாவது, எழுத்தின் உருவத்தை உற்று நோக்குக. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைப்பு உண்டு. 'ட' சுவரும் தரையுமாய் நிற்கும். அதன் மடியில் வேறோர் எழுத்தை அமர்த்தலாம். 'ப' மூன்று பக்கமும் அடைத்து மேலே திறந்த அறை. 'ர' தனித்து நின்றால் துணைக்கால் என மயங்க இடமுண்டு. ஆதலால் அதன் அடிக்கோட்டைத் தெளிவாகக் காட்டுக. 'ஜோ', 'சௌ' போன்றவை இருபுறமும் குறிகள் கொண்டு அகன்றவை. சின்னத்துக்கு அவற்றின் மூல எழுத்தை மட்டும் கொள்வது நன்று.

இரண்டாவது, எழுத்துகள் மூன்றுக்கு மேற்படலாகாது. மூன்றாவது, முதலில் கறுப்பு மையால் மட்டுமே வரைக. ஒரே நிறத்தில் விளங்காத சின்னம் ஏழு நிறத்திலும் விளங்காது. நான்காவது, அதனைக் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கியும், கதவளவு பெருக்கியும் பார்க்க. ஐந்தாவது, வரைந்ததை வீட்டு முதியவர் ஒருவரிடம் விளக்கம் கூறாமல் காட்டுக. அவர் படித்துவிட்டால் உம் பணி முடிந்தது.

அப்பெண் இம்முறையிலேயே வரைந்தாள். தாயின் எழுத்து 'ப', அவளுடையது 'வ'. 'ப'வை வீடுபோல் அகலமாக்கி, அதனுள் 'வ'வைச் சிறிதாய் அமர்த்தினாள். ஒரே நூலால் தைத்துவிடத்தக்க எளிமை அதில் இருந்தது.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரின் (1471–1528) முத்திரையும் ஏறத்தாழ இவ்வமைப்பே. அகன்று நிற்கும் 'ஏ' என்னும் எழுத்தின் கால்களுக்கிடையே 'டி' அமர்ந்திருக்கும். இத்தாலியில் ஒருவர் அவருடைய படங்களை முத்திரையோடு சேர்த்துப் படியெடுத்து விற்றாராம். டியூரர் வெனிஸ் நகர ஆட்சியாளரிடம் முறையிட, அம்முத்திரையை இனிப் பயன்படுத்தலாகாது என்ற தீர்ப்பை மட்டும் பெற்றார் என வசாரி என்னும் நூலாசிரியர் எழுதிவைத்துள்ளார். படத்தைக் காக்க இயலாதபோதும் பெயரின் எழுத்துக்குக் காவல் கிடைத்தது!

நம் நாட்டிலும் 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் அத்தகைய காவலைத் தருகிறது. தொழிலுக்குரிய சின்னத்தைச் சென்னையிலுள்ள வணிகக் குறிகள் பதிவகத்தில் பதிவு செய்யலாம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், மீண்டும் புதுப்பித்துக்கொள்ளலாம். பிறர் சின்னத்தைப்போல் தோன்றுமாறு தம் சின்னத்தை அமைப்பது சட்டத்துக்கு மட்டுமன்று, மனச்சான்றுக்கும் மாறானது. வாங்குவோரை மயக்கி விற்பது களவின் ஒரு வகையே.

சட்டம் சின்னத்தை மற்றவரிடமிருந்து காக்கும். நம்மிடமிருந்து அதனைக் காக்க இயலாது. ஒரு வெளுப்பில் சாயம் போகும் துணிமேல் அச்சிட்ட எழுத்து எத்துணை அழகாயினும் இழிவையே தேடித்தரும். அவ்விழிவு நம்மோடு நிற்பதன்று. அந்த எழுத்துக்கு உரியவரையும் சாரும். ஆதலால் இளைஞரே, வரைய எழுதுகோலை எடுக்குமுன் ஒரு தாளில் உம் பெயரை முழுமையாக எழுதி, அதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் யாரிடமிருந்து வந்தது என்பதை அதன் கீழே குறித்துப் பாரும். அவர்கள் பெயர் கெடாதபடி உழைக்கத் துணிவு உண்டெனில், தயங்காது வரையும்.