மன்னிப்பு, டிக்கெட்டோடு சேர்த்து விற்கிற சாமான் இல்லை



பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போன பிள்ளைகளின் வழக்குச் செலவுக்குக் காசு சேர்க்க ஊரில் ஓர் இசை நிகழ்ச்சி வைக்கப் போகிறார்கள். நல்ல நிய்யத். அல்லாஹ் கபூலாக்கட்டும். ஆனால் பாட வருவது யார் என்று கேள்விப்பட்டபோது நாங்கள் வாயடைத்துப் போனோம். 2020இல் எங்கள் ஜனாஸாக்களை எரித்தபோது அது சரிதான் என்று பேட்டி கொடுத்தவர் அவர். கேட்டால், "அவர் வந்தால்தான் சனம் வரும், டிக்கெட் விற்கும்" என்கிறார்கள்.

இசை கூடுமா, கூடாதா என்ற சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். அதை உலமாக்களிடம் கேளுங்கள். நாங்கள் கேட்பது வேறு. உரிமைக்காகப் போடும் மேடையில் யாரை ஏற்றுவது?

இது எங்கள் ஊருக்கு மட்டும் வந்த கேள்வி அல்ல. 1976இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில், பெயர் பெற்ற கிற்றார் கலைஞர் எரிக் கிளப்டன், பாட்டுக்கு நடுவே குடியேறிகளுக்கு எதிராக மோசமாகப் பேசினார். வெளிநாட்டவரை அனுப்ப வேண்டும், ஈனொக் பவல் சொல்வதே சரி என்றார். கறுப்பின மக்களின் புளூஸ் இசையை வாசித்துப் பெரிய ஆளானவர் பேசிய பேச்சு அது. கொதித்துப் போன சிலர் 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 1978இல் லண்டன் விக்டோரியா பூங்காவில் அவர்கள் நடத்திய நிகழ்ச்சியில் வெள்ளையரின் குழுக்களோடு 'ஸ்டீல் பல்ஸ்' குழுவும் பாடியது. கிளப்டன் பேசிய அதே பேர்மிங்ஹாமில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள். அடிபட்டவர்களையே மேடையில் ஏற்றினார்கள். சனம் வராமல் போகவில்லை. பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

பத்து வருடம் கழித்து, 1988 ஜூன் 11. சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்த நாளுக்காக வெம்பிளி அரங்கில் மாபெரும் இசை நிகழ்ச்சி. நாடு கடந்து வாழ்ந்த மிரியம் மக்கேபாவும் ஹியூ மசகேலாவும் பாடினார்கள். அதே மேடையில் 'டயர் ஸ்ரெய்ட்ஸ்' குழுவோடு கிற்றார் வாசித்தவர் யார் தெரியுமா? எரிக் கிளப்டன்!

அந்த நிகழ்ச்சி வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. மண்டேலாவின் பெயரை உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு போனது. ஆனால் பெரிய பெயர்களை நம்பிப் போனதற்கு விலையும் இருந்தது. அமெரிக்காவில் ஒளிபரப்பிய ஃபொக்ஸ் தொலைக்காட்சி அரசியல் பேச்சுகளை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் காட்டியது. கிளப்டனின் கறையும் அந்த மேடையில் கழுவுப்படவில்லை. 2018இலும் தன் பழைய பேச்சுக்கு வெட்கப்படுவதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

"மண்டேலாவே மன்னித்தாரே, நீங்கள் யார்?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், மன்னித்தார். 27 வருடம் சிறையில் இருந்தவர், மன்னிக்கும் உரிமை அவருக்கு இருந்தது. ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று மத்ரஸாவில் சின்ன வயதிலேயே ஓதிக் கொடுத்தார்கள். ஹக்கு உரியவரிடம் ஹலால் கேட்க வேண்டும். ஏற்பாட்டுக் குழு கூடி, தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே எடுக்கும் தீர்மானத்தால் அது நடக்காது.

பிறந்து 20 நாளான பிள்ளையைக் கூட எரித்தார்கள். அந்தத் தாய்மாரிடம் யாராவது போய்க் கேட்டீர்களா? அரசாங்கம்கூட 2024 ஜூலையில் அமைச்சரவைத் தீர்மானம் எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டது. இந்தப் பாடகர் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லட்டும். பகிரங்கமாகச் சொல்லட்டும். அதன்பிறகு வந்து பாடினால் முன்வரிசையில் நாங்களே இருப்போம். சொல்லாமல் ஏறினால், பிள்ளைகளுக்கு ரெண்டு காசு கிடைக்கும், அவருக்கு நற்பெயர் இலவசமாகக் கிடைக்கும். யாருக்கு லாபம் என்று நீங்களே கணக்குப் பாருங்கள்.

ஆள் இல்லை என்றும் சொல்லாதீர்கள். அந்த நாட்களில் பொரளை கனத்தை மயான வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் மற்றச் சமூகத்தவர்களும் பாதிரிமாரும் இருந்தார்கள். பயமான காலத்தில் எங்களோடு நின்றவர்கள். அவர்களில் பாடத் தெரிந்தவர், கவிதை சொல்லத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையா? உள்ளே இருக்கும் பிள்ளையின் தாய்க்கு ஐந்து நிமிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

டிக்கெட் குறைவாகத்தான் விற்கும். பரவாயில்லை. மிச்சக் காசை வீடு வீடாகப் போய்ச் சேர்ப்போம். எங்கள் பாடசாலை ஆசிரியர்களும் உண்டியலோடு வரத் தயார். ஏற்பாட்டுக் குழுச் சகோதரர்களே, போஸ்டர் அடிக்க முதல் ஒருமுறை யோசியுங்கள்.