தட்டை யார் கழுவுவது?

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் புதுச்சேரியில் வீட்டுக்கு வீடு விருந்துதான். மே மாதம் சென்னை, பெங்களூர் பேரப்பிள்ளைகள். ஜூலை பிறந்தால் பிரான்சிலிருந்து உறவினர்கள். கூடிச் சாப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. அதற்கு இப்போது வைக்கும் பெயரைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை: 'சுற்றுச்சூழலுக்கு உகந்த விருந்து'.

என்னவென்று பார்த்தால், பிளாஸ்டிக் தட்டுக்குப் பதில் பாக்குமட்டைத் தட்டு, பிளாஸ்டிக் கப்புக்குப் பதில் பேப்பர் கப். அவ்வளவுதான். ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கி எறியும் பழக்கம் அப்படியே இருக்கிறது. அரசு அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு எழுதியவன் நான். பெயரை மாற்றிவிட்டு வேலை முடிந்ததாகக் கணக்குக் காட்டும் வித்தையைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிடும்.

வெறும் காகிதம் சூடான காப்பியைத் தாங்குமா? பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. அதனால்தான் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு தடை செய்த பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் இருந்தது. பாக்குமட்டை நல்ல பொருள்தான். ஆனால் அது மக்குவதற்கு மண் வேண்டும். மீந்த பிரியாணி, தண்ணீர் பாட்டிலோடு ஒரே கருப்புப் பையில் கட்டினால் அது போய்ச் சேரும் இடம் குப்பைக் கிடங்குதான். காற்றுப் புகாத குவியலுக்குள் உணவும் மட்டையும் அழுகினால் மீத்தேன் வாயு கிளம்பும். அது பூமியைச் சூடாக்கும்.

இத்தனைக்கும் நம் வீட்டுப் பரணில் சீர்வரிசையாக வந்த எவர்சில்வர் தட்டுகள் அடுக்கடுக்காகத் தூங்குகின்றன. ஏன் இறக்குவதில்லை? கழுவ ஆளில்லை. முன்பு யார் கழுவினார்கள்? வீட்டுப் பெண்களும், வேலைக்கு வந்த அம்மாளும். ஆண்கள் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்கள். இனி முடியாது என்று பெண்கள் சொன்னது நியாயம். அப்போதும் ஆண்கள் எழுந்து கை கொடுக்கவில்லை. கடைக்குப் போய்ப் பேப்பர் தட்டு வாங்கி வந்தார்கள். குப்பை அங்கேதான் ஆரம்பித்தது.

எதற்கெடுத்தாலும் பிரான்சை இழுக்கிறேன் என்று கேலி செய்யும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அங்கே 2023 ஜனவரி 1 முதல், 20 பேருக்குக் குறையாமல் அமரும் உணவகங்களில், உள்ளே சாப்பிடுவோருக்குக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தில்தான் பரிமாற வேண்டும் என்பது சட்டம். 'மக்கும் தட்டு' என்ற சாக்கு அங்கே செல்லாது.

கழுவத் தண்ணீர் செலவாகாதா என்பீர்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் ஆகும். இரண்டு அண்டாவில் நீர் வைத்து, ஒன்றில் தேய்த்து மற்றதில் அலசுங்கள். அலசிய நீரை வாழைக்கு ஊற்றுங்கள்.

எவர்சில்வர் டம்ளரில் பானகமும் நீர்மோரும் கொடுங்கள். மண்பானையில் தண்ணீர் வையுங்கள். தட்டு போதாவிட்டால் பாத்திர வாடகைக் கடை இருக்கிறது. வாழையிலை போட்டால், எச்சில் இலை தோட்டத்துக் குழியில் மக்கட்டும். பிறகு சாப்பிட்டவரே தட்டைக் கழுவட்டும்: பேரன், மாப்பிள்ளை, எழுபது தாண்டிய தாத்தா எல்லோரும்தான். அதற்கு மனமில்லாத வீட்டில் விருந்து நடக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. சுற்றுச்சூழலின் பெயரை மட்டும் அதில் இழுக்காதீர்கள்.