தோற்ற சீட்டுகளின் தொகை

அஞ்சல்தலை தொகுப்பார் உளர். பழங்காசு தொகுப்பார் உளர். பழைய பரிசுச் சீட்டுகளைத் தொகுத்து வைப்பாரும் உளர். இது நற்பொழுதுபோக்காகுமா என்று மாணவன் ஒருவன் என்னை வினவினான்.

தம்பி, ஒன்றை எண்ணிப் பார். பரிசு விழுந்த சீட்டை ஒப்படைத்தாலன்றிப் பணம் கிடையாது. எனவே தொகுப்பவன் கைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் தோற்ற சீட்டே. உன் ஏட்டில் ஒட்டியிருப்பவை வெறும் வண்ணத் தாள்கள் அல்ல. யாரோ சில கூலியாள்களின் வியர்வை!

1968இல் அறிஞர் அண்ணாவின் ஆட்சியில் தமிழ்நாட்டரசு இத்திட்டத்தைத் தொடங்கியது. 'பரிசுச் சீட்டு' என்னும் நல்ல தமிழ்ப்பெயர் இருந்தும், நம் நா 'இலாட்டரி' என்றே குழறிற்று. வென்றவனை 'அதிருட்டக்காரன்' என்றது. 'காணப்படாதது' என்று பொருள்படும் அவ் வடசொல்லுக்கு முன்னே, திருக்குறள் வழங்கிய 'ஆகூழ்' என்னும் சொல் கேட்பாரற்றுக் கிடந்தது.

ஆனால், சுரண்டிப் பார்க்கும் சீட்டு வந்தபோது மக்கள் அதனைச் 'சுரண்டல்' என்றே அழைத்தனர். எந்தப் புலவனும் ஆக்கித் தந்த பெயரன்று அது. ஏழையின் உழைப்பை உறிஞ்சுவதற்கும் அதுவே பெயர்! தாய்மொழியில் பெயரிட்டவுடன் உண்மை தானே வெளிப்பட்டது. குலுக்கல் நாள்வரை காத்திருக்கையிலாவது ஆசை சற்றே ஆறும். சுரண்டற் சீட்டோ, தோற்ற நொடியிலேயே அடுத்ததை வாங்கத் தூண்டும். குடும்பங்கள் பல கெட்டபின், 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. 1967இல் தொடங்கிய கேரளத்திலோ இன்றும் நடைபெறுகிறது. எல்லை கடந்து சென்று வாங்கும் தமிழரும் உளர்.

குலுக்கல் நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார். தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, ஊர்வாரியப் பொறுப்பாளரைத் தேர்ந்தனர். அன்று குடம் குலுங்கியது ஊர்ப்பணிக்கு ஆள் தேடி; பின்னாளில் சீட்டுக் குலுங்கியது உழையாப் பொருள் தேடி. சூதினைக் கடிதற்கென்றே பத்துக் குறள் யாத்த வள்ளுவரின் வழிவந்தோர் நாம்!

ஆகவே, தம்பி, தொகுப்பதாயின் தொகு. தொகுப்பதற்கென்று ஒரு சீட்டும் விலைகொடுத்து வாங்காதே. அது சூதுக்கு இட்ட மாற்றுப்பெயர். ஒவ்வொரு சீட்டின் கீழும் ஆண்டையும் விலையையும் வெளியிட்ட அரசின் பெயரையும் தூய தமிழில் எழுது. அவற்றோடு, 'இதனால் ஒருவர் தோற்றார்' என்னும் வரியையும் சேர்த்தெழுது. அப்போது உன் ஏடு பொழுதுபோக்காக நில்லாது. வருங்காலத் தமிழனுக்கு எச்சரிக்கை ஏடாக நிற்கும்.