நாடகத்துக்கு ஒரு நிலையான முகவரி

கலையும் பண்பாடும் நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வருவது அரிது. வந்தாலும், "எங்கள் பகுதிக்கு ஒரு கலையரங்கம் வேண்டும்" என்ற கோரிக்கையோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. கட்டடம் எழுந்த பிறகு அதை யார் நடத்துவது, எப்படி நடத்துவது, அங்கே அன்றாடம் என்ன நடக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் அரங்குகளும் நாடக நிகழ்ச்சிகளும் மாநிலப் பட்டியலின் 33-வது இனமாக இடம்பெற்றுள்ளன. எனவே, இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டியவை மாநிலங்களே. அந்த விடை தமிழகத்துக்கு மிக அருகில், பெங்களூருவில் இருக்கிறது.

1961-ல் தாகூர் நூற்றாண்டு கொண்டாடப்பட்டபோது தலைநகரங்களில் அவர் பெயரால் அரங்கங்கள் எழுந்தன. தில்லியில் ரவீந்திர பவன், ஹைதராபாதில் ரவீந்திர பாரதி என்ற வரிசையில், பெங்களூரு நகரின் மையத்தில் ஜெ.சி. சாலையில் ரவீந்திர கலாக்ஷேத்ரா 1963-ல் திறக்கப்பட்டது. நகர வாழ்வில் அதன் பங்கு சிறிதல்ல. 1972-ல் அதன் வளாகத் திறந்தவெளியில் பி.வி. காரந்த் இயக்கிய "ஈடிபஸ்", "ஜோகுமாரசுவாமி", "சங்கராந்தி" ஆகிய மூன்றும் நவீன கன்னட நாடக வரலாற்றின் திருப்புமுனை என்று இன்றும் பேசப்படுகின்றன. பி. லங்கேஷ், சந்திரசேகர கம்பார் போன்ற எழுத்தாளர்களின் எழுத்து மேடையேறி, பொதுமக்களின் பேச்சுக்குள் நுழைந்தது.

எனினும், கலாக்ஷேத்ரா ஓர் அரசு மண்டபம். இன்று நாடகம் என்றால் நாளை பாராட்டு விழா, மறுநாள் அரசு விழா. ஆயிரம் பேர் அமரும் கூடத்தை நிரப்புவதும் சிறு நாடகக் குழுவால் ஆகிற காரியம் அல்ல. நாடகத்துக்கென்றே ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணம் இந்தச் சூழலில்தான் பிறந்தது.

அந்தக் கனவைக் கண்டவர் கன்னடத் திரைப்பட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக். ஆர்.கே. நாராயணின் "மால்குடி டேஸ்" கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கி நாடு முழுவதும் அறியப்பட்டவர். 1990 செப்டம்பர் 30-ஆம் தேதி, தாவணகெரே அருகே நிகழ்ந்த சாலை விபத்தில் 35 வயதில் மறைந்தார். அதே விபத்தில் படுகாயம் அடைந்து பிழைத்த அவர் மனைவி அருந்ததி நாக், பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்து அந்தக் கனவை நிறைவேற்றினார். அரசு மனை கொடுத்தது. அரசிடமும் தனியாரிடமும் நிதி திரட்டி, அறக்கட்டளை ஒன்று கட்டடத்தை எழுப்பியது. 2004 அக்டோபரில் ஜெ.பி. நகரில் "ரங்க சங்கரா" திறக்கப்பட்டது. சசி கபூர், ஜெனிஃபர் தம்பதி 1978-ல் மும்பை ஜுஹுவில் தொடங்கிய பிருத்வி தியேட்டர் இதற்கு முன்னோடி.

ரங்க சங்கராவில் இருக்கைகள் முந்நூற்றுச் சொச்சம் மட்டுமே. ஒலிபெருக்கி இல்லாமலேயே நடிகரின் குரல் கடைசி வரிசையை எட்டும். நாடகம் தொடங்கிய பிறகு வருபவருக்கு அனுமதி இல்லை. வாடகையும் நுழைவுக் கட்டணமும் எட்டும் தூரத்தில் வைக்கப்பட்டன. வாசலில் புத்தகக் கடை, உள்ளே சிற்றுண்டிச்சாலை. அங்கே ஜவ்வரிசி வடை சாப்பிட்டபடி, சற்று முன் பார்த்த நாடகத்தைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் வாதிடுவதைக் காணலாம்.

கட்டடத்தைவிட முக்கியமானது பழக்கம். "இன்று மாலை என்ன நாடகம்?" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் வீட்டிலிருந்து கிளம்ப முடிகிறது என்றால், அந்த நகரில் நாடகம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஆண்டுக்கு ஒரு விழா நடத்துவதால் இந்தப் பழக்கம் வராது. ஏறத்தாழ நாள்தோறும் திரை விலகும் ஓர் இடம் இருந்தால்தான் வரும்.

இன்னொரு பயனையும் தமிழர்கள் கவனிக்க வேண்டும். 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரியின் பெயரால் பெங்களூரு பற்றி எரிந்தது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதே நகரில், கன்னடத்தை முதன்மையாகக் கொண்ட ஒரு மேடையில் தமிழ், மலையாளம், மராத்தி, இந்தி, ஆங்கில நாடகங்கள் முறைவைத்து வந்து போகின்றன. ஒப்பந்தம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. இரு மாநில அரசுகளும் பேசித் தீர்க்கத் தயங்கும் காலத்திலும், இரு மொழி மக்கள் ஒரே இருட்டில் அருகருகே அமர்ந்து நாடகம் பார்க்கிறார்கள்.

குறைகள் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஜெ.பி. நகர் நகரின் தென்கோடி. வடக்கிலும் கிழக்கிலும் வசிப்பவருக்கு மாலை நேர நெரிசலில் அது வெளியூர்ப் பயணம். வருவோரில் படித்த நடுத்தர வர்க்கத்தினரே மிகுதி என்ற விமர்சனத்திலும் உண்மை உண்டு. நன்கொடையை நம்பி நிற்கும் அமைப்புக்கு நாளை பற்றிய கவலை எப்போதும் இருக்கும். அதனால்தான் நகர மையத்தில் உள்ள கலாக்ஷேத்ராவின் இடத்தை ரங்க சங்கரா நிரப்பிவிட முடியாது. இரண்டும் வேண்டும்.

பெருநிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லக்கூடும். மும்பையில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட நீதா முகேஷ் அம்பானி பண்பாட்டு மையத்தின் பெரிய அரங்கில் 2,000 பேர் அமரலாம். பிரம்மாண்டமான மேடை நிகழ்ச்சிகளுக்கு அது பொருத்தமான இடம். புதிய நாடகம் எழுதிக் கையில் காசில்லாமல் நிற்கும் இளைஞனுக்கு அது எப்படி உதவும்?

இனி தமிழகத்துக்கு வருவோம். சென்னை கலைவாணர் அரங்கத்தின் கதை விசித்திரமானது. 1952-ல் சட்டப்பேரவைக்காகக் கட்டப்பட்ட கட்டடம், பிறகு பாலர் அரங்கம் ஆயிற்று. 1974-ல் கலைவாணர் பெயரைப் பெற்றது. இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டு 2016-ல் திறக்கப்பட்டது. கரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், பேரவை மீண்டும் அங்கேயே கூடியது. நம் ஊரில் அரங்கம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அரசியல் மேடைதான் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது.

எம்.ஆர். ராதாவின் நாடகங்களைக் கட்டுப்படுத்த 1954-ல் தனிச் சட்டமே கொண்டுவந்த மாநிலம் இது. அந்தச் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2013 ஆயிற்று. வழக்குத் தொடுத்தவர் "பரீக்ஷா" நாடகக் குழுவின் ஞாநி. நாடகத்தைக் கண்டு அரசு அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. இன்று அஞ்சவும் இல்லை, கண்டுகொள்ளவும் இல்லை. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை தேர்ந்த நடிகர்களைத் திரையுலகுக்குத் தந்தது. அந்த நடிகர்கள் நாள்தோறும் நடிக்க ஓர் அரங்கத்தைத்தான் தலைநகரம் தரவில்லை.

ரூ.250 வரையிலான நாடக நுழைவுச் சீட்டுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கை 2018 ஜனவரியில் ரூ.500 வரை உயர்த்தினார்கள். வரவேற்கத்தக்கதுதான். ஆனால், ஒரு குழுவை முடக்குவது வரியைவிட வாடகையே.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. நகர மையத்தில், மெட்ரோ ரயில் நிலையத்துக்கு அருகே, முந்நூறு இருக்கைகளுக்கு மேற்படாத ஓர் அரங்கத்துக்கு அரசு மனை தரட்டும். நீண்டகாலக் குத்தகையில் அதை நாடகக் கலைஞர்களின் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கட்டும். வாடகையைக் குறைவாக வைக்க ஆண்டு மானியம் ஒதுக்கி, கணக்கைச் சட்டப்பேரவையில் வைக்கட்டும். எந்த நாடகம் மேடையேற வேண்டும் என்பதில் மட்டும் தலையிட வேண்டாம். மதுரைக்கும் கோவைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்.

ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியே இதற்குப் போதும். பணம் இருக்கிறது; மனையும் இருக்கிறது. கட்டிக் கொடுத்த பிறகு விலகி நிற்கும் மனம் ஆட்சியாளர்களுக்கு இருக்கிறதா என்பதே கேள்வி.